அலைன்மென்ட் விளக்கு சிமிட்டுகிறதா? எப்போது சிமிட்டியது என்று முதலில் பாருங்கள்

விமானத்தின் நிலைம வழிகாட்டி, அதாவது ஐ.ஆர்.எஸ்., வெளியுதவி இல்லாமல் தன் அசைவை அளந்தே விமானம் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் அமைப்பு. கிளம்புவதற்கு முன் அது மட்டத்தையும் வடக்கையும் கண்டு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வதுதான் அலைன்மென்ட்; அப்போது இருப்பிடத்தை நாம் தட்டித் தர வேண்டும். நாம் கொடுத்த இருப்பிடத்தை அது ஏற்காமல் விளக்கைச் சிமிட்டினால், கை தானாகச் செய்யும் காரியம் அதே எண்ணை மறுபடியும் தட்டுவது. பல நேரங்களில் சிமிட்டல் நின்றும்விடும். ஆனால் சிமிட்டல் நின்றதால் எண் சரியாகிவிடாது. காரைக்குடியில் என்னிடம் விமானப் பராமரிப்புப் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுக்கும், வீட்டிலேயே சிமுலேட்டர் வைத்துப் பழகும் இளைஞர்களுக்கும் நான் சலிக்காமல் சொல்வது இதுதான்: அந்த விளக்குக்குப் பின்னால் இரண்டு தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. எந்தச் சோதனை தோற்றது என்று தெரியாமல் விசைப்பலகையில் கை வைக்கக் கூடாது.

எடுத்துக்காட்டுகளுக்கு மதுரையையும் திருச்சியையும் எடுத்துக்கொள்கிறேன். செட்டிநாட்டுக்காரர்களுக்கு விமானம் ஏற இந்த இரண்டு ஊர்தான். தொலைவும் ஏறத்தாழ ஒன்றுதான். விளக்கு நடந்துகொள்ளும் விதம் போயிங் 737 வகையைப் பார்த்துச் சொல்வது. ஏர்பஸ்ஸில் செய்திகளும் அவை வரும் வரிசையும் வேறு. உள்ளே நடக்கும் இயற்பியல் ஒன்றே. உண்மையான விமானத்தில் அந்த வகையின் கையேடு சொல்வதே முடிவு.

அமைப்புக்குத் தானாக என்ன தெரியும்?

விமானம் அசையாமல் நிற்கும்போது முடுக்கமானிகள் புவியீர்ப்பை உணர்ந்து மேல் எது, கீழ் எது என்று கண்டுகொள்கின்றன. சுழற்சியை அளக்கும் லேசர் ஜைரோக்கள் பூமியின் சுழற்சியையே உணர்கின்றன. பூமி மணிக்கு 15.04 டிகிரி சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் ஒரு பங்கு கிடைமட்டமாகவும் ஒரு பங்கு செங்குத்தாகவும் தெரியும். கிடைமட்டப் பங்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் மெய்யான வடக்கு. இரண்டு பங்குகளின் அளவு நிற்கும் இடத்தின் அட்சரேகையைச் சொல்லிவிடுகிறது. நிலநடுக்கோட்டில் செங்குத்துப் பங்கு பூஜ்யம். துருவத்தில் முழுவதுமே செங்குத்து. மதுரை விமான நிலையத்தில் கிடைமட்டம் மணிக்கு 14.82 டிகிரி, செங்குத்து 2.57 டிகிரி. திருச்சியில் 14.78, 2.81.

தீர்க்கரேகைக்கு இப்படி ஒரு சான்றும் கிடையாது. மதுரையின் அட்சரேகையிலேயே கிழக்கே எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் பூமி சுழலும் வேகம் அதுவே, வடக்கும் அதுவே. ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாரின் ரசமட்டம் தளம் மட்டமாக இருக்கிறதா என்று சொல்லும்; அந்தத் தளம் கானாடுகாத்தானில் இருக்கிறதா தேவகோட்டையில் இருக்கிறதா என்று சொல்லாது. ஜைரோவுக்குத் தீர்க்கரேகையும் அப்படித்தான்.

ஆகவே அமைப்பு இரண்டு வழிகளில் நம்மைச் சோதிக்கிறது. ஒன்று, கடைசியாக அணைக்கப்பட்டபோது தான் எங்கே இருந்தோம் என்று தன் நினைவில் வைத்திருக்கும் இடத்தோடு நாம் தரும் இடத்தை ஒப்பிடுகிறது. இதை நினைவுச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, ஜைரோக்கள் அளந்து கண்ட அட்சரேகையோடு நாம் தந்த அட்சரேகையை ஒப்பிடுகிறது. இது அட்சரேகைச் சோதனை. முதலாவது எண்ணைப் போட்டவுடனே நடக்கும். இரண்டாவது அலைன்மென்ட் முடியும் தறுவாயில்தான் நடக்கும், ஏனென்றால் ஜைரோ அளந்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகும். விளக்கு சிமிட்டிய நேரம் முக்கியமாவது இதனால்தான்.

அறிகுறி: எண்ணையே ஏற்கவில்லை

இது சோதனை வரைக்கும் போகாத கோளாறு. திரையின் கீழ் வரியில் எழுதியது மேலே ஏறாது, தவறான உள்ளீடு என்று செய்தி வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: கைபேசி வரைபடம் தசம டிகிரியில் காட்டுகிறது, விமானம் டிகிரியும் கோண நிமிடமுமாகக் கேட்கிறது.

இதில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. கண்டனூரிலிருந்து வரும் ஒரு பையன் சிமுலேட்டரில் மதுரையிலிருந்து கிளம்புவதற்காகக் கைபேசியைப் பார்த்தான். அதில் 9.8345, 78.0934 என்று இருந்தது. வடக்கு 09 83.4 என்று தட்டினான். அமைப்பு மறுத்தது, கோண நிமிடம் 60க்கு மேல் போகாது.

“ஐயா, அட்சரேகையை மட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது.”

“தீர்க்கரேகை என்ன போட்டாய், தம்பி?”

“கிழக்கு 078 09.3. அதை ஏற்றுக்கொள்கிறது, ஐயா. சிக்கல் அட்சரேகையில்தான்.”

சிக்கல் இரண்டிலுமே இருந்தது. 9.8345 டிகிரி என்பது 9 டிகிரி 50.1 நிமிடம். 78.0934 டிகிரி என்பது 78 டிகிரி 5.6 நிமிடம். அட்சரேகையில் 83 என்பது நிமிடமாக இருக்க முடியாததால் தவறு பிடிபட்டது. தீர்க்கரேகையில் 9.3 நிமிடம் என்பது இருக்கக்கூடிய எண் என்பதால் நழுவிவிட்டது. அட்சரேகையை மட்டும் திருத்திவிட்டுப் போயிருந்தால் விமானம் தன்னை 3.7 கோண நிமிடம் கிழக்கே, ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் தள்ளி வைத்துக் கணக்கைத் தொடங்கியிருக்கும். நினைவுச் சோதனையும் அட்சரேகைச் சோதனையும் இதைக் கண்டுகொள்ளவே கொள்ளா. எனவே ஒரு பாதி மறுக்கப்பட்டால் இரண்டு பாதியையும் அழியுங்கள். நிறுத்துமிடப் பலகையிலோ விமான நிலைய வரைபடத்திலோ அச்சிட்டிருப்பதைப் பார்த்து முதலிலிருந்து எழுதுங்கள். தசமத்தைத்தான் மாற்ற வேண்டும் என்றால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்குங்கள்.

அறிகுறி: எண்ணைப் போட்டவுடன் விளக்கு சிமிட்டுகிறது

நினைவுச் சோதனை தோற்றிருக்கிறது. நாம் தந்த இடம், அமைப்பின் நினைவில் உள்ள இடத்திலிருந்து அட்சரேகையிலோ தீர்க்கரேகையிலோ ஒரு டிகிரிக்கு மேல் விலகியிருக்கிறது. ஒரு டிகிரி என்பது 60 கடல் மைல். நல்ல நிலைம வழிகாட்டி மணிக்கு இரண்டு கடல் மைலுக்குள்தான் பிசகும். பத்து மணி நேரம் பறந்து வந்து இறங்கினாலும் நினைவில் உள்ள இடம் 20 கடல் மைலுக்குள்ளேயே இருக்கும். அந்தச் சாதாரணப் பிசகுக்கெல்லாம் கூச்சல் போடாமல், பெரிய தவறுக்கு மட்டும் குரல் கொடுக்கும்படி இந்த எல்லை அமைந்திருக்கிறது.

இங்கேதான் முதலில் சொன்ன பழக்கம் வருகிறது. அதே எண்ணை இரண்டாம் முறை கொடுத்தால் அமைப்பு ஏற்றுக்கொள்ளும். விமானி உறுதியாகச் சொல்கிறார், தன் நினைவுதான் பழையது போலும் என்று அது விட்டுக்கொடுக்கிறது. அப்படி விட்டுக்கொடுக்க நியாயமான காரணங்கள் உண்டு. ஐ.ஆர்.எஸ். பெட்டி மாற்றப்பட்டிருக்கலாம், புதிதாக வந்த பெட்டியின் நினைவில் இருப்பது அது கடைசியாக மின்சாரம் பெற்ற பணிமனை. அது வேறு நாட்டில்கூட இருக்கலாம். அப்போது சிமிட்டுவதுதான் சரி, இரண்டாம் முறை கொடுப்பதும் சரி. பராமரிப்புப் பதிவேட்டில் பெட்டி மாற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

அப்படிக் குறிப்பு எதுவும் இல்லாமல், நேற்று இரவு இதே ஊரில் இறங்கி இதே இடத்தில் நின்ற விமானம் சிமிட்டினால், தவறு நம்முடையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை அழித்து, தாளைப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள். இன்னொருவர் தாளை வாசிக்க, நீங்கள் திரையை வாசிக்க வேண்டும். திரையில் இருப்பதையே இருவரும் பார்த்துத் தலையாட்டினால் அது சரிபார்ப்பாகாது. அலைன்மென்ட் நடந்துகொண்டிருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் இடத்தைத் திருத்திக் கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்ததையே அமைப்பு எடுத்துக்கொள்ளும். அலைன்மென்ட் முடிந்து வழிகாட்டும் நிலைக்குப் போய்விட்டால் இந்த வசதி போய்விடும்.

நினைவுச் சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, அது நம் ஊரைச் சுற்றியே இருக்கிறது. மதுரை 9 டிகிரி 50.1, 78 டிகிரி 5.6. திருச்சி 10 டிகிரி 45.9, 78 டிகிரி 42.6. அட்சரேகையில் வேறுபாடு 55.8 நிமிடம், தீர்க்கரேகையில் 37. இரண்டுமே ஒரு டிகிரிக்குள். திருச்சியில் இரவு நின்ற விமானத்துக்கு மதுரையின் எண்ணைக் கொடுத்தாலும் நினைவுச் சோதனை வாய் திறக்காது. ஊர் இரண்டுக்கும் இடையே 120 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது! சென்னைக்கும் மதுரைக்கும் இப்படிக் குழப்பினால் உடனே பிடிபடும். அங்கே வேறுபாடு இரண்டு, மூன்று டிகிரி.

புதிய விமானங்களில் புறப்படும் விமான நிலையத்தின் குறியீட்டை வழித்திட்டத்தில் எழுதியதும், அதன் இடத்தோடும் ஓர் ஒப்பீடு நடக்கிறது. திருச்சி, மதுரைக் குழப்பத்தை அது பிடித்துவிடும். ஆனால் அந்த ஒப்பீடு தரவுத்தளத்தில் உள்ள விமான நிலையங்களுக்கு மட்டுமே. நம் பிள்ளைகள் சிமுலேட்டரில் செட்டிநாடு பழைய ஓடுதளத்திலிருந்து கிளம்ப ஆசைப்படுவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் அது. இன்று பயணிகள் விமானம் எதுவும் வருவதில்லை. அந்த ஆசையில் தப்பில்லை. கோட்டையூரில் பிறந்து, லண்டனில் விமானம் ஓட்டப் பயின்று, பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனத்தையே நடத்திய அழகப்பச் செட்டியாரின் மண் இது. ஆனால் அங்கிருந்து தொடங்கும்போது ஒப்பிட்டுச் சொல்ல விமான நிலையக் குறியீடு இருக்காது. எண்ணை நாமே இரு முறை பார்க்க வேண்டியதுதான்.

அறிகுறி: பாதியில் சிமிட்டுகிறது, அல்லது மீதி நேரம் முதலிலிருந்து ஓடுகிறது

விமானம் அசைந்திருக்கிறது. இழுவை வண்டி கோத்திருக்கிறதா, நிறுத்துமிடம் மாற்றுகிறார்களா என்று பாருங்கள். பயணிகள் ஏறுவது, பெட்டிகள் ஏற்றுவது, சாதாரணக் காற்று எல்லாவற்றையும் அமைப்பு தாங்கிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் வரும் பலத்த சூறைக்காற்று சில நேரம் தாங்காது. விமானம் நிற்கட்டும், பிறகு தொடங்குங்கள். இதற்கும் நீங்கள் கொடுத்த எண்ணுக்கும் தொடர்பில்லை. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: நேரம் முடியும் தறுவாயில் சிமிட்டுகிறது

அட்சரேகைச் சோதனை தோற்றிருக்கிறது. இதை முன்னதைப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னது பழைய நினைவோடு வந்த முரண். இது, இப்போது இந்த இடத்தில் பூமியை அளந்து கண்டதோடு வந்த முரண். இங்கே பிடிவாதமாக அதே எண்ணைக் கொடுத்தால் அமைப்பு விட்டுக்கொடுக்காது; மீண்டும் தோற்றால் பழுது விளக்கை ஏற்றிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது வடக்கா, தெற்கா என்பது. எழுத்தை மாற்றி அடித்தால் மதுரை, இந்தியப் பெருங்கடலின் தென்பாதிக்குப் போய்விடும். கிடைமட்டப் பங்கு இரண்டு இடத்திலும் ஒன்றேதான், 14.82. ஆனால் செங்குத்துப் பங்கு இங்கே ஒரு திசையிலும் அங்கே எதிர்த்திசையிலும் 2.57. இடைவெளி மணிக்கு 5 டிகிரிக்கு மேல். ஜைரோ இதைத் தவறவே விடாது. திருச்சியிலிருந்து நம்மவர்கள் அடிக்கடி போகும் சிங்கப்பூரில் நிலை வேறு. அங்கே அட்சரேகை 1 டிகிரி 21 நிமிடம்தான். எழுத்து மாறினால் இடைவெளி 0.7 ஆகச் சுருங்கிவிடும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்தச் சோதனையின் கூர்மை குறைகிறது. சிங்கப்பூரில் வடக்கு, தெற்குக் குழப்பத்தில் கைகொடுப்பது நினைவுச் சோதனைதான், ஏனென்றால் இரண்டு எண்களுக்கும் இடையே 2.7 டிகிரி வேறுபாடு இருக்கிறது. ஒரு சோதனை மங்கும் இடத்தில் மற்றது விழித்திருக்கும்படி இதை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

எழுத்தும் எண்ணும் சரி என்றால் அமைப்பை அணைத்துவிட்டு முழு அலைன்மென்டையும் திரும்பச் செய்யுங்கள். பழைய 737களில் நம் அட்சரேகையில் 10 நிமிடம் ஆகும். புதியவற்றில் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 5 நிமிடம். வடக்கே போகப் போகக் கிடைமட்டப் பங்கு சிறுத்து வடக்கைக் காண்பது கடினமாவதால் 17 நிமிடம் வரை நீளும். சரியான எண்ணோடு, அசையாத விமானத்தில், இரண்டாவது முறையும் முடிவில் தோற்றால் உங்கள் மேல் குற்றமில்லை. ஜைரோ நலமாக இல்லை. பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அட்சரேகை ஏன் இவ்வளவு முக்கியம் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. தீர்க்கரேகை தவறினால் பயணம் முழுவதும் அதே அளவு தள்ளி நிற்கும், அவ்வளவுதான். அட்சரேகை தவறினால் தவறு வளரும். பறக்கும்போது ஜைரோ உணர்வதிலிருந்து பூமியின் சுழற்சியைக் கழித்தால்தான் விமானத்தின் திருப்பம் மட்டும் மிஞ்சும். எவ்வளவு கழிப்பது என்பதற்கு அமைப்பு அட்சரேகையை நம்புகிறது. மதுரைக்குப் பதில் திருச்சியின் அட்சரேகை என்றால் கிடைமட்டத்தில் மட்டும் மணிக்கு 0.04 டிகிரி தவறாகக் கழிக்கப்படும். நல்ல லேசர் ஜைரோவின் சொந்தப் பிசகு 0.01 டிகிரி அளவில் இருக்கும். இது அதைப் போல நான்கு மடங்கு. நிலைம வழிகாட்டியின் கணக்கில் இயல்பாகவே எழுந்து 84.4 நிமிடத்துக்கு ஒரு முறை ஊசலாடும் ஷூலர் அலைவோடு சேர்ந்து அந்தப் பிசகு இடத்தையும் வேகத்தையும் குலைத்துக்கொண்டே போகும்.

அறிகுறி: எந்த விளக்கும் சிமிட்டவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை

இதுதான் எனக்கு உறக்கத்தைக் கெடுக்கும் வகை. 2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஏர்ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் நிறுத்துமிடத்தின் தீர்க்கரேகை கையால் உள்ளிடப்பட்டது. கொடுக்க வேண்டியது கிழக்கு 151 09.8. கொடுக்கப்பட்டது 015 19.8. இலக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 1 5 1 0 9 8, 0 1 5 1 9 8. நடுவில் இருந்த பூஜ்யம் முன்னால் போய்விட்டது, அவ்வளவே. விமானம் தன்னை 11,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் தென்முனைப் பக்கம் வைத்துக்கொண்டது. இது ஏர்பஸ், முன்பே சொன்னபடி இதன் செய்திகளும் அவை வரும் வரிசையும் வேறு. அட்சரேகை சரியாகவே இருந்தது. ஜைரோக்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை திருத்தப்படாமலே விமானம் மேலே ஏறியது. தானியங்கி இடப்பக்கம், இணை ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையை நோக்கித் திரும்பியபோதுதான் விபரீதம் தெரிந்தது. சிட்னியில் வானிலை மோசமானதால் மெல்போர்னில் போய் இறங்கினார்கள். இடத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும், அல்லது கையால் கொடுத்த தவறைத் திருத்தும் மேம்படுத்திய அமைப்பு அந்த விமானத்தில் இல்லை என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை சொன்னது.

ஒரு விமானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைம வழிகாட்டிகள் உண்டு; 737இல் இரண்டு, ஏ330இல் மூன்று. அவை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண் ஒரே தட்டலில் போகிறது. தவறும் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். ஒப்பிட வேண்டியது வெளியிலிருந்து வரும் ஒன்றோடு.

இருப்பிடப் பக்கத்தைத் திறந்து ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் ஐ.ஆர்.எஸ். காட்டும் இடத்தையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். முதல் வழிப்புள்ளிக்கு எத்தனை கடல் மைல் என்று திரை சொல்வதைப் பாருங்கள். மதுரையிலிருந்து கிளம்பும்போது அது ஆயிரக்கணக்கில் இருக்கக் கூடாது. வழித்திரையில் ஓடுபாதையின் சின்னம் விமானச் சின்னத்தின் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடுபாதைக்குள் நுழைந்ததும் அது காலுக்கடியில் வந்துவிட வேண்டும். காந்தத் திசையை மாற்றுத் திசைகாட்டியோடு ஒப்பிடுங்கள். ஐ.ஆர்.எஸ். மெய் வடக்கைத்தான் கண்டுபிடிக்கிறது. காந்த வடக்கை, தான் இருப்பதாக நம்பும் இடத்தை வைத்து உள்ளே உள்ள அட்டவணையில் தேடி எடுக்கிறது. இடம் பெரிதாகத் தவறினால் காந்தத் திசையும் தவறும். சிறிய தவறை இது காட்டாது, ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

தவறு தெரிந்தால், தரையில் இருக்கும் வரை தயங்காதீர்கள். அணைத்துவிட்டு முழுதாகத் திரும்பத் தொடங்குங்கள். ஜி.பி.எஸ். சரிசெய்துவிடும் என்று கிளம்புவதை நான் ஒப்ப மாட்டேன். வழிக்கணினி ஜி.பி.எஸ்.ஸை வைத்துத் திரையில் காட்டும் இடத்தைச் சரிசெய்துகொள்ளும், உண்மைதான். அடியில் இருக்கும் ஐ.ஆர்.எஸ். தன் தவறான இடத்திலேயே கணக்கிட்டுக்கொண்டிருக்கும். வழியில் ஜி.பி.எஸ். கிடைக்காமல் போனால் மிஞ்சுவது அதுதான்.

அறிகுறி: வழிகாட்டிகளில் ஒன்று மட்டும் சிமிட்டுகிறது

எல்லாவற்றுக்கும் ஒரே எண் போயிருக்கும்போது ஒன்று மட்டும் மறுத்தால், எண்ணைச் சந்தேகிப்பது கடைசி வேலை. உடனே மறுத்தால் அந்தப் பெட்டியின் நினைவு மற்றவற்றிலிருந்து வேறு. பெட்டி மாற்றிய பதிவைத் தேடுங்கள். முடிவில் மறுத்தால் அதன் ஜைரோ. பதிவேட்டில் “அலைன் ஆகவில்லை” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பெட்டி, தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் சிமிட்டியது, என்ன எண் கொடுக்கப்பட்டது, இரண்டாம் முறை கொடுத்தீர்களா, காற்று எப்படி இருந்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.